நாய்க்கு வயிறு கெட்டால்: அறிகுறி பார்த்து உணவை மாற்றும் முறை

நாய்க்கு வயிற்றோட்டம் என்று தெரிந்த அன்று ஒரே வீட்டில் நாலு வைத்தியம் நடக்கும். அம்மா தயிர்ச்சோறு பிசைந்து வைப்பார். மகன் மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவான். தாத்தா பொறையை டீயில் நனைத்துப் போடுவார். பக்கத்து வீட்டுக்காரர் பட்டினி போடச் சொல்வார். மூன்றாம் நாள் சரியாகிவிட்டால் எது சரியாக்கியது என்று யாருக்கும் தெரியாது. சரியாகாவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது. அடுத்த மாதம் அதே தொல்லை வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

அதனால் எந்த அறிகுறியானாலும் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், அதை 48 மணி நேரமாவது கலைக்காமல் விடுங்கள். தட்டில் சோறு வைக்கும் பொறுப்பை அந்த நாட்களுக்கு வீட்டில் ஒருவரே எடுத்துக்கொள்ளட்டும். நாள்காட்டியின் ஓரத்திலோ கைபேசியிலோ மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: என்ன சாப்பிட்டது, எத்தனை முறை மலம் கழித்தது, மலம் எப்படி இருந்தது. முடிந்தால் மலத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் "கொஞ்சம் லூஸா போகுது" என்று சொல்வதைவிட அந்தப் படம் பத்து மடங்கு உதவும்.

## உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நேரம்

இதை முதலில் படித்துவிடுங்கள். கீழே சொல்லும் எதுவும் இந்த நிலைகளுக்குப் பொருந்தாது.

ஆறு மாதத்துக்குள் உள்ள குட்டி, தடுப்பூசி முழுதாகப் போடவில்லை, வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தப் பேதியுமாகச் சோர்ந்து படுத்திருக்கிறது என்றால் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் என்றே எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். காலையில் சோர்ந்த குட்டிக்குச் சாயங்காலம் வரை கஞ்சி கொடுத்துப் பார்ப்பதில்தான் உயிர் போகிறது. 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை போட்டால்தான் தடுப்பூசி முழுமை பெறும். ஓர் ஊசி போட்டாயிற்று என்பது பாதுகாப்பு ஆகாது.

பெரிய உடம்பும் ஆழமான நெஞ்சும் கொண்ட நாய் (கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவை) ஓங்கரிக்கிறது, ஆனால் எதுவும் வெளியே வரவில்லை, விலாவுக்குப் பின்னால் வயிறு பறை மாதிரி விம்முகிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். இதற்கு மணிக்கணக்கு கிடையாது, நிமிடக் கணக்குதான். இரவு இரண்டு மணியானாலும் வண்டி எடுங்கள்.

தார் போலக் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம் மேல் குடலில் ரத்தம் கசிவதன் அடையாளம். கொக்கிப்புழு, உண்ணிக் காய்ச்சல், வலி மாத்திரையால் வந்த இரைப்பைப் புண் மூன்றும் நம் ஊரில் இதற்குப் பொதுவான காரணங்கள். முந்தைய நாள் நிறைய ஈரலோ இரும்புச் சத்து டானிக்கோ கொடுத்திருந்தாலும் மலம் கறுக்கும். அதை நினைவுபடுத்திப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வெளியே வருவது, மாங்கொட்டை, சோளக் கட்டை, காலுறை போன்ற எதையாவது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம், எலி மருந்துச் சந்தேகம் ஆகியவையும் இதே வரிசை. மாம்பழக் காலத்தில் கொட்டை அடைத்த குடல் அபூர்வமான விஷயம் அல்ல.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனை. தோள்பட்டைக்கு மேல் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குப் போக வேண்டும். கூடாரம் மாதிரி நின்று மெதுவாக இறங்கினால் நீர் குறைந்திருக்கிறது. அடுத்து, மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்துங்கள். வெளுக்கும்; விரலை எடுத்ததும் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு ஈரமாக வழுக்க வேண்டும். விரலில் ஒட்டினால் வீட்டு வைத்தியத்துக்கான நேரம் கடந்துவிட்டது, டிரிப்ஸ் தேவை.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். பேதியை நிறுத்த மனிதர்கள் போடும் மாத்திரை (லோபெரமைடு) கோலி போன்ற நாய் இனங்களில் மூளையைத் தாக்கும். மற்ற நாய்களிலும் வெளியேற வேண்டிய கெட்டதை உள்ளேயே நிறுத்தி வைக்கும். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை வீட்டில் இருக்கிறதே என்று கொடுப்பதும் வேண்டாம். சாதாரண வயிற்றோட்டம் அது இல்லாமலேயே சில நாளில் அடங்கும். கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் தேற வாரக்கணக்கில் ஆகும்.

## தண்ணீராகப் போகிறது, ஆனால் நாய் துறுதுறுப்பாகவே இருக்கிறது

பெரும்பாலும் வரும் தொல்லை இதுதான். ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை, நிறைய அளவில், தண்ணீராகவோ கூழாகவோ போகும். ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, வால் ஆட்டுகிறது. கல்யாண வீட்டு இலை, குப்பைத் தொட்டி, புதிதாக மாற்றிய பாக்கெட் உணவு, ஒரு கிண்ணம் பால் என்று ஏதாவது ஒன்று முந்தைய நாளில் இருக்கும்.

வாந்தி இல்லையென்றால் பட்டினி போட வேண்டாம். குடல் சுவரின் செல்கள் தமக்கு வேண்டியதில் பெரும்பங்கைக் குடலுக்குள் வரும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. உணவை நிறுத்தினால் ஆறுவதும் தாமதமாகும். வாந்தியும் இருந்தால் வளர்ந்த நாய்க்கு மட்டும் 6 முதல் 12 மணி நேரம் உணவை நிறுத்தலாம். குட்டிகளுக்குக் கூடவே கூடாது, சர்க்கரை அளவு இறங்கிவிடும். தண்ணீரை எப்போதும் நிறுத்தாதீர்கள். வாந்தி இருக்கும்போது ஒரேயடியாக ஒரு கிண்ணம் குடிக்க விடாமல், 10 கிலோ நாய்க்கு அரைமணிக்கு ஒருமுறை மூன்று மேசைக்கரண்டி என்று கொடுங்கள்.

பிறகு கோழியும் சோறும். எல்லாரும் சொல்வதுதான், ஆனால் அளவு சொல்லாமல் சொல்வார்கள், பிசகுவது அங்கேதான். சோற்றின் எடை அதில் உள்ள தண்ணீருக்கு ஏற்ப மாறும். அதனால் அரிசியையும் கறியையும் வேகும் முன்பே நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு நாளுக்கான அளவு:

5 கிலோ நாய்: அரிசி 45 கிராம், கோழி நெஞ்சுக்கறி 70 கிராம்.
10 கிலோ: அரிசி 70 கிராம், கறி 110 கிராம்.
20 கிலோ: அரிசி 125 கிராம், கறி 185 கிராம்.
30 கிலோ: அரிசி 165 கிராம், கறி 250 கிராம்.

இது ஓய்வில் இருக்கும் உடம்புக்கு மட்டும் போதுமான அளவு, வழக்கமாகச் சாப்பிடுவதைவிடக் குறைவு. அது வேண்டுமென்றே குறைத்தது. நாய் தட்டை நக்கிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். மனம் இளகி இன்னொரு கை வைக்காதீர்கள். இந்த அளவை நாலாகப் பிரித்து, காலை 7, மதியம் 12, மாலை 5, இரவு 10 என்று கொடுங்கள். ஒரே வேளையில் கொட்டினால் புண்பட்ட குடல் முழுவதையும் செரிக்க முடியாமல் மிச்சத்தைப் பெருங்குடலுக்குத் தள்ளும். அங்கே அது புளித்து, மறுபடி தண்ணீராக வெளியேறும்.

சமைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. கோழிக்கடையில் நாய்க்கென்று கேட்டால் கழுத்து, கால், தோல் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். விலை குறைவு, நாயும் ஆசையாகத் தின்னும். ஆனால் வெந்த கோழித் தோலில் 100 கிராமுக்கு 40 கிராம் வரை கொழுப்பு. வயிறு கெட்ட நாய்க்கு அது விறகில் எண்ணெய் ஊற்றுவதுதான். இந்த நாலைந்து நாளுக்கு மட்டும் தோலும் எலும்பும் இல்லாத நெஞ்சுக்கறி வாங்குங்கள். உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, எண்ணெய் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் 15 நிமிடம் வேகவிட்டு, கையால் நார் நாராகக் கிழித்துக்கொள்ளுங்கள். வெந்த தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் வைத்தால் மேலே வெளிர்மஞ்சளாக ஓர் ஆடை உறையும். ஓரத்தில் கரண்டி விட்டு நெம்பினால் தட்டை மாதிரி கழன்று வரும். அதை எறிந்துவிட்டு, கீழே உள்ள தெளிந்த சாற்றில் அரிசியைக் குழைய வேகவையுங்கள்.

அரிசியில் பச்சரிசி நல்லது. கேழ்வரகு, கம்பு, சிவப்பரிசி, ஓட்ஸ் நல்ல தானியங்கள்தான். இப்போது வேண்டாம், நார் அதிகம். பழைய சோறும் வேண்டாம். ஆறி ஒரு இரவு கழிந்த சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவுக்கு மாறிவிடுகிறது. புதிதாக வடித்து, வெதுவெதுப்பாக மசித்துக் கொடுங்கள்.

கறி சமைக்காத வீடுகளில், தோல் நீக்கி வேகவைத்த உருளைக்கிழங்குடன், ஆடை நீக்கிய பாலில் திரித்த பன்னீரைச் சேர்க்கலாம். பாலைத் திரித்து வடிகட்டும்போது லாக்டோஸின் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். பால் மட்டும் கூடவே கூடாது. வளர்ந்த நாய்களில் பலவற்றுக்கு லாக்டோஸைப் பிரிக்கும் நொதி மிகவும் குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். தயிரில் லாக்டோஸ் குறைவுதான். அதனால் நலமான நாய்க்கு ஒரு கரண்டி தயிர் ஒன்றும் செய்யாது. ஆனால் பேதி நடக்கும் நாளில் கிண்ணம் நிறையத் தயிர்ச்சோறு வைத்தால், அடுத்த நாள் போவது நோயாலா தயிராலா என்று பிரித்தறிய முடியாது.

இரண்டாம் நாள் மலமே வராமல் போகலாம். பயப்பட வேண்டாம். இந்த உணவில் சக்கை மிகக் குறைவு, வெளியே தள்ள ஒன்றும் சேரவில்லை. இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெயோ பாலோ ஊற்றி, அடங்கிய பேதியைத் திரும்பக் கிளப்பிவிடுபவர்கள் நிறையப் பேர்.

கையில் எடுத்தால் உடையாத, தரையில் தடம் மட்டும் விடும் மலம் இரண்டு முறை தொடர்ந்து வந்த பிறகுதான் பழைய உணவைக் கலக்கத் தொடங்க வேண்டும். இரண்டு நாள் கால் பங்கு, இரண்டு நாள் பாதி, இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுதாக. ஒரு படியில் மலம் மறுபடி இளகினால் அதற்கு முந்தைய படிக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். முதல் கெட்டி மலத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அன்றிரவே வழக்கமான சாப்பாட்டுக்குப் போவதுதான் தொல்லை திரும்பி வர முதல் காரணம்.

கோழிச்சோற்றையே நிரந்தரச் சாப்பாடாக்கவும் கூடாது. அதில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். துத்தநாகம், அயோடின் போன்றவையும் போதாது. வளரும் குட்டிக்கு வெறும் கறிச்சோறு மாதக்கணக்கில் போட்டால் எலும்பு வளைந்து, லேசான அடிக்கே முறியும்.

## அடிக்கடி உட்காருகிறது, கொஞ்சமாக வருகிறது, சளியும் சிவப்புக் கோடும்

இது முந்தையதைப் போன்றது அல்ல. சிறுகுடல் கெட்டால் நிறையப் போகும், முறை குறைவு. பெருங்குடல் கெட்டால் அளவு குறைவு, முறை அதிகம்: பத்து முறை முக்கி, கடைசியில் ஒரு கரண்டி சளி, அதில் புதுரத்தக் கோடு. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நாய் சுறுசுறுப்பாக இருந்து, ரத்தம் கோடாக மட்டும் இருந்தால் உணவாலேயே பெரும்பாலும் திருத்தலாம். இங்கே தேவை நார், அதுவும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் கரையும் நார். பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்களே குடல் சுவருக்கு உணவு.

மேலே சொன்ன கோழிச்சோற்றுடன், தோலும் விதையும் நீக்கி வேகவைத்து மசித்த பரங்கிக்காய் சேருங்கள். 5 கிலோ நாய்க்கு வேளைக்கு ஒரு தேக்கரண்டி, 10 கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, 25 கிலோவுக்கு இரண்டு அல்லது மூன்று. பரங்கி கிடைக்காவிட்டால் இசப்கோல் உமி: 10 கிலோ நாய்க்கு நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி, இரண்டாகப் பிரித்து. ஒவ்வொரு முறையும் அரைக் கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, அது கொழகொழவென்று ஊறிய பிறகே சோற்றில் கலக்க வேண்டும். உலர்ந்த உமியை அப்படியே தூவினால் தொண்டையிலோ குடலிலோ தண்ணீரை உறிஞ்சி உப்பி அடைத்துக்கொள்ளும். ஆரஞ்சு வாசனை போட்டு இனிப்புச் சேர்த்த வகையைத் தொடாதீர்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள் வீழ்த்தி, ஈரலையும் கெடுக்கும்.

மூன்று நாளில் முக்குவது குறையவில்லையென்றால் புது மலத்தை ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். சாட்டைப்புழுவும், ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணியும் இதே முகத்தோடு வரும். அவற்றை உணவால் துரத்த முடியாது. வழக்கமான பூச்சி மருந்து எல்லாவற்றையும் கொல்லும் என்பதும் இல்லை.

## விடிகாலையில் மஞ்சள் நுரையாக வாந்தி

இரவு 7 மணிக்குச் சாப்பாடு, காலை 8 மணிக்கு அடுத்தது. நடுவில் 13 மணி நேரம். வெறும் இரைப்பைக்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் பின்னோக்கி ஏறி அரிக்க, நாய் புல்லைக் கடித்துவிட்டு நுரையைக் கக்கும். பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடும். நாளின் மொத்த உணவில் கால் பங்கை எடுத்து வைத்து, நீங்கள் படுக்கப் போகும் முன், 10.30 அல்லது 11 மணிக்குக் கொடுங்கள். கூடுதலாக இல்லை, அதே அளவிலிருந்துதான். ஒரு வாரத்தில் நின்றால் காரணம் அதுவே. நிற்காவிட்டால், அல்லது பகலிலும் வந்தால், காரணம் வேறு.

## தின்றதும் அப்படியே வெளியே வருகிறது

வாந்தி என்றால் வயிறு குலுங்கி இழுக்கும், எச்சில் ஒழுகும், ஓங்கரிக்கும். எதுவும் இல்லாமல் தலையைக் குனிந்ததும் சோறு உருளையாக, செரிக்காமல், விழுந்தால் அது இரைப்பைக்கே போகவில்லை, உணவுக்குழாயிலிருந்து திரும்பியது. அவசரமாக விழுங்கும் நாயென்றால் பெரிய தாம்பாளத்தில் சோற்றை மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். வாய்க்கு வாய் கொஞ்சம்தான் அகப்படும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறையில் வையுங்கள், போட்டிதான் பாதி அவசரம். பரப்பி வைத்தும் நிற்காவிட்டால் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தளர்ந்து விரிந்த உணவுக்குழாயிலிருந்து சோறு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும்.

## வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி மலம், முக்கி அழுகிறது

எலும்பு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு தின்றது செவ்வாய்க்கிழமை இப்படி வரும். தொட்டால் உதிரும், காய்ந்த பிறகு பொடியாகும். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்பது பலருக்குத் தெரியும். கிழிக்காத எலும்பும் அரைபட்டுப் பெருங்குடலில் சிமெண்ட் மாதிரி இறுகும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எலும்பை முழுதாக நிறுத்துங்கள். சோற்றைக் கொழுப்பு நீக்கிய சாறு விட்டுக் கூழாக்குங்கள். 10 கிலோ நாய்க்கு வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டி பரங்கி, காலை மாலை இருபது நிமிட நடை. நாயின் ஒரு நாள் நீர்த்தேவை, உணவில் உள்ள நீரையும் சேர்த்து, கிலோவுக்குச் சுமார் 50 மில்லி. வெயில் காலத்தில் இன்னும் கூடும். வெறும் தண்ணீரைக் குடிக்காத நாய் சாறு கலந்த தண்ணீரைக் குடிக்கும்.

குழந்தைக்குச் செய்வதுபோல வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைப்பது, விளக்கெண்ணெய் ஊற்றுவது எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமா சிறிய நாயைக் கொல்லக்கூடியது. இரண்டு நாளாக ஒன்றுமே வரவில்லை, கூடவே வாந்தி என்றால் அடைப்பு என்றே கொள்ளுங்கள். இன்னொன்று: ஆண் நாய் முக்குவது மலத்துக்கா சிறுநீருக்கா என்று நின்று கவனியுங்கள். சிறுநீர் அடைப்பை மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாளைக் கடத்தினால் நாய் தாங்காது.

## காற்று, நாற்றம், வயிற்று இரைச்சல்

பால், மீல்மேக்கர், சுண்டல், முட்டைக்கோஸ், அளவு மீறிய முட்டை. இந்த வரிசையில் ஒவ்வொன்றாக ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். தட்டை முகமுள்ள பக் போன்ற நாய்கள் சாப்பிடும்போதே காற்றையும் விழுங்கும். அவற்றுக்கு மூன்று சிறு வேளை உதவும். பாக்கெட் உணவை மூட்டையைப் பிரித்து லூஸில் விற்கும் கடையில் வாங்குகிறீர்கள் என்றால் அதை மாற்றுங்கள். மழைக்காலத்தில் திறந்த மூட்டையில் கொழுப்பு காறிப்போவதோடு பூஞ்சையும் பிடிக்கும், அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கையில் எடுத்து முகர்ந்தால் பழைய எண்ணெய்ச் சட்டி வாசனை வரும், வந்தால் போடாதீர்கள். சிறிய பையாக வாங்கி, பையோடு சேர்த்து மூடியுள்ள டப்பாவில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

## விருந்துக்கு மறுநாள்: வாந்தி, முதுகைக் கூனிக்கொண்டு நிற்பது

தீபாவளி, பக்ரீத், கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாட்களில் மருத்துவரிடம் வரும் நாய்களில் இது தனித்துத் தெரியும். கறிக்கொழுப்பு, வறுத்த எண்ணெய், நெய்ச்சோறு. முன்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி, கும்பிடுவது போல நிற்கும். வயிற்றைத் தொட்டால் இறுக்கும். கணையம் வீங்கியிருக்கலாம், அதற்கு மருத்துவமனைதான் இடம்.

உங்கள் வேலை அதற்குப் பிறகு வருவது. வாந்தி அடங்கியதும் மருத்துவர் சொன்ன நேரத்தில் நெஞ்சுக்கறிச் சோற்றைத் தேக்கரண்டியில் தொடங்கி, பல வாரம் கொழுப்பு குறைந்த உணவிலேயே இருக்க வேண்டும். குறைந்த கொழுப்பு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 1000 கலோரிக்கு 20 கிராமுக்குக் கீழே. பாக்கெட்டில் கொழுப்பு 14 சதவீதம், கிலோவுக்கு 3500 கலோரி என்று போட்டிருந்தால், ஒரு கிலோவில் உள்ள கொழுப்பு 140 கிராம். அதை 3.5 ஆல் வகுக்க 40 வரும். இரண்டு மடங்கு. 10 சதவீதம் என்று போட்ட பாக்கெட்டே 28க்கு மேல் போகிறது. சதவீதத்தைப் பார்த்து ஏமாந்துவிடாமல் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள்.

இலையிலிருந்து விழுவதைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பில் வெந்து கரைந்திருந்தாலும் அதன் கெடுதல் போகாது. பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். அதற்குக் காரணமாகக் கருதப்படும் டார்ட்டாரிக் அமிலம் புளியில் ஏராளம். புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை அமெரிக்காவில் விலங்கு நஞ்சியல் மருத்துவர்கள் 2022இல் பதிவு செய்தார்கள். சாம்பார்ச் சோறு, ரசச் சோறு, புளியோதரை என்று புளியிலேயே சமைக்கும் நாம் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது. நாய்க்கான சோற்றைக் குழம்பு ஊற்றும் முன்பே தனியாக எடுத்துவிடுங்கள்.

## எவ்வளவு போட்டாலும் தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது

முதலில் புழு. மலத்திலோ வாலடியிலோ அரிசி மணி மாதிரி நெளிந்தால் நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அடுத்த மாதம் திரும்ப வரும். புழு இல்லை, மலம் மூன்று மடங்கு அளவில், வெளிறிய மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு, புளித்த மாவு நாற்றம் அடிக்கிறது, தன் மலத்தையே தின்னப் போகிறது, அதுவும் ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் கணையம் செரிமான நொதி சுரப்பதை நிறுத்தியிருக்கலாம். டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனை இதை உறுதியாகச் சொல்லிவிடும். ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் நொதித் தூள் கலந்து, பி12 ஊசியும் போட்டால் எலும்பும் தோலுமான நாய் சில வாரத்தில் உடம்பு தேறும். இது தெரியாமல் நெய்யும் முட்டையும் கூட்டிக்கொண்டே போனால் பேதிதான் கூடும்.

## சரியாகிறது, திரும்ப வருகிறது. காதிலும் பாதத்திலும் அரிப்பு

மூன்று வாரத்துக்கு மேல் விட்டுவிட்டு வந்தால், புழுச் சோதனையும் ரத்தச் சோதனையும் முடிந்த பின், உணவு ஒவ்வாமையைத் தேட வேண்டும். சந்தேகம் தானியத்தின் மேல் போகும், ஆனால் பெரும்பாலும் குற்றவாளி நாய் வருடக்கணக்கில் தின்றுவந்த புரதம். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை இவையே முன்வரிசை. நம் வீடுகளில் முதல் சந்தேகம் கோழி.

நாய் இதுவரை தின்றேயிராத ஒரே ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுங்கள். கோழியே தின்று வளர்ந்த நாய்க்கு முயல், பன்றி, முள் நீக்கிய மீன் பொருந்தும். வாத்தும் காடையும் பறவைகள்தான், கோழியோடு ஒத்துப்போகும் புரதங்கள் அவற்றில் இருப்பதால் தவிருங்கள். அதோடு ஒரே ஒரு மாவுச்சத்து, அரிசியோ உருளைக்கிழங்கோ. ஆட்டுக்கறி என்று முகப்பில் போட்ட பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கோழிக்கொழுப்பு, கோழி ஈரல் சாறு என்று சிறிய எழுத்தில் இருக்கும். வீட்டில் சமைக்க முடியாதவர்கள், புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துச் செய்த மருத்துவ உணவை மருத்துவரிடம் கேட்கலாம்.

வயிற்றுத் தொல்லைக்கு 2 முதல் 3 வாரத்தில் மாற்றம் தெரியும். தோல் அரிப்புக்கு 8 வாரம் ஆகும். இந்த நாட்களில் சோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் தட்டில் இருப்பதில்லை: கறி வாசனை போட்ட பூச்சி மாத்திரை, மெல்லும் குச்சி, மாத்திரையை மறைத்துக் கொடுத்த வெண்ணெய்த் துண்டு, டீக்கடைக்காரர் அன்பாகப் போடும் பொறை, குழந்தையின் உயர நாற்காலிக்குக் கீழே சிந்தியது. ஒரு பிஸ்கட் போதும், நாட்காட்டியில் மறுபடி முதல் நாளாகிவிடும். வாட்ச்மேனிடமும் வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லி வையுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் இந்தச் சோதனை நடக்காது.

மூன்று வாரம் தொடர்ந்து மலம் கெட்டியாகவே வந்தால், பெரும்பாலானோர் பயந்து தவிர்க்கும் கடைசிப் படி ஒன்று மீதம் இருக்கிறது. மற்றவற்றை மாற்றாமல், வேகவைத்த கோழியை மட்டும் திரும்பச் சேருங்கள்: முதல் நாள் ஒரு தேக்கரண்டி, பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி ஒரு வாரம் வரை. இரண்டு வாரத்துக்குள் பேதியோ அரிப்போ திரும்பினால் கோழிதான். உடனே நிறுத்தினால் சில நாளில் அடங்கிவிடும். ஒன்றும் ஆகாவிட்டால் கோழியை விடுவித்து, அடுத்ததாகப் பாலையோ கோதுமையையோ இதே முறையில் சேர்த்துப் பாருங்கள்.